பெரிய மிஸ்ஸியின் மிச்ச மருந்து

பெரிய மிஸ்ஸி டீ கலக்கும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கெட்டிப்பால் டின் தீர்ந்துவிட்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த டின்னைத் திறப்போம். அவர் அந்தக் காலி டின்னுக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார். கைக்குட்டையால் டின்னைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆட்டுவார். ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பால் கரைந்து தண்ணீர் வெள்ளையானதும் அதை அப்படியே டீப் பானையில் சாய்ப்பார். பிறகு டின்னை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே ஒரு பார்வை. "பாத்தியா தம்பி? தூக்கிப் போட இருந்தீங்க. இன்னும் உசுரு இருந்துச்சு லா இதுல" என்று சொல்லிக்கொண்டே எனக்கும் ஒரு கப் நீட்டுவார்.

அந்த டீ நன்றாகத்தான் இருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு வருவதெல்லாம் வசவாக இருக்கிறது. ஆனால் அவர் கொடுத்த டீயைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

நர்ஸ்களைக் கிள்ளானில் நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். இரண்டு கடைகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கி, ஒரு தர்ம சங்கம் நடத்திய டயாலிசிஸ் நிலையம் அது. அங்கே மிஸ்ஸிகள் பலர் வந்தார்கள், போனார்கள். மூத்தவரான இவர் மட்டும் எல்லாருக்கும் பெரிய மிஸ்ஸி. என் மனைவி செல்விக்கு இரண்டு கிட்னியும் போன பிறகு வாரம் மூன்று நாள் அங்கேதான் ரத்தம் சுத்தம் செய்தோம். நான் பேக்டரி பஸ் ஓட்டுகிறவன். காலை ஷிப்ட் ஆட்களைத் தெலுக் பங்லிமா காராங்கில் இறக்கிவிட்டு வந்தால் சாயங்காலம் வரை எனக்கு வேலை இல்லை. செல்வியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நானும் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவேன். அதனால் பெரிய மிஸ்ஸியை எனக்கு அவருடைய சொந்தக்காரர்களைவிட நன்றாகத் தெரியும்.

ஒல்லியான உடம்பு. முன்நெற்றியில் நரை, சாயம் பூச மாட்டார். இடது மணிக்கட்டில் வளையல் இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பேண்டுகள் இருக்கும். யாராவது நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்தால் போதும், ரப்பர் பேண்ட் அவர் கைக்குப் போய்விடும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர் வீட்டில் பிறந்தவர், இன்னமும் அங்கேதான் ஒரு பிளாட்டில் தனியாக இருக்கிறார் என்று சொன்னார்கள். தினமும் ரயிலில் கிள்ளானுக்கு வருவார். வரும்போது ரயிலில் யாரோ விட்டுவிட்டுப் போன நியூஸ்பேப்பரும் கையோடு வரும். அதைப் படிப்பதோடு சரி என்று நினைக்காதீர்கள். படித்து, எங்களுக்கும் படிக்கக் கொடுத்து, கடைசியில் குளிரில் நடுங்கும் கிழவர்களுக்குப் போர்வைக்கு அடியில் வைத்து, அதற்குப் பிறகு ஜன்னல் கண்ணாடி துடைப்பார்.

சீனப் புத்தாண்டு வந்தால் நல்ல மனம் படைத்தவர்கள் எங்கள் நிலையத்துக்குப் பெட்டி பெட்டியாக ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்து கொடுப்பார்கள். கிட்னி நோயாளிக்கு ஆரஞ்சு ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். இரண்டு சாப்பிட்டால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர்கள் மிரட்டுவார்கள். கொடுக்கிறவர்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு வருஷமும் கொண்டு வருவார்கள், எங்களோடு நின்று போட்டோ எடுப்பார்கள். நாங்களும் அவர்கள் கொடுத்த விஷத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவோம். சின்ன மிஸ்ஸிகள், "சொல்லிடலாமே, வேணாம்னு" என்பார்கள். பெரிய மிஸ்ஸி விட மாட்டார். அவர்கள் கார் கிளம்பியதும் என்னைக் கூப்பிடுவார். "தம்பி, பஸ் காலியாதானே இருக்கு? ஏத்து." நானும் அவருமாக ஏற்றி, முதியோர் இல்லம் ஒன்றில் பாதி, என் பேக்டரிப் பெண்களுக்குப் பாதி. ஒரு பழம் அழுக விட்டதில்லை. பழத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கும் நோயாளிகளிடம் தோலை மட்டும் உரித்துக் கொடுத்து, "மோந்து பாருங்க, வாசனைக்கு பொட்டாசியம் இல்ல" என்பார். அந்த ஹாலே சிரிக்கும்.

ஊசி குத்துவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. டயாலிசிஸ் ஊசி என்பது சளிக்குப் போடுகிற ஊசி மாதிரி இல்லை. தடியான ஊசி, இரண்டு, ஒவ்வொரு முறையும். மற்றவர்கள் குத்தினால் செல்வியின் கை அன்று முழுக்க நீலம் பாய்ந்து கிடக்கும். பெரிய மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டு விரலால் நரம்பைத் தடவிப் பார்ப்பார். பிறகு ஒரே குத்து. அவர் லீவில் இருந்தால் செல்விக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே முகம் தொங்கிவிடும்.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் டயாலிசிஸ் ஷிப்டில் லோரி வைத்து நடத்திய ஒருவர் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. கேட்டால், இறந்துவிட்டார். கருமாதி முடிந்த மறுநாள் பெரிய மிஸ்ஸி அவர் வீட்டுக்குப் போனார். துக்கம் விசாரிக்கத்தான். ஆனால் திரும்பி வரும்போது ஐஸ் பெட்டி ஒன்று கையில் இருந்தது. அந்த மனிதர் தனக்காக வாங்கி பிரிட்ஜில் வைத்திருந்த ஊசி மருந்து, ரத்தம் ஊறுவதற்குப் போடுவது. விலை கூடின மருந்து. செல்விக்கு அப்போது அரசாங்கத்திலிருந்து வர வேண்டியது வராமல் இழுத்துக்கொண்டிருந்தது. வெளுத்துப் போய், ஹால் வாசலிலிருந்து நாற்காலிவரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். பெரிய மிஸ்ஸி அந்த ஊசியைப் போட்டார். "செத்தவரு ஊசியா?" என்று செல்வி கேட்டாள். "மருந்துக்கு என்னா தெரியும் கண்ணு, யாரு செத்தாங்க யாரு இருக்காங்கனு. அவங்க வீட்ல குப்பையில போட இருந்தாங்க" என்றார் அவர். அந்த மாதம் செல்வி மாடிப்படி ஏறினாள். நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் சொல்லாமல் எனக்கு வந்த அழுகை அது.

இப்படிப்பட்டவர் கொடுத்ததைத்தான் நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

செல்வியின் தம்பி மோகன் அக்காவுக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று சொன்னது அதற்கு அடுத்த வருஷம். தெலுக் பங்லிமா காராங்கில் பர்னிச்சர் பேக்டரியில் வேலை. கல்யாணமாகி ஒரு குழந்தை. யாரும் அவனைக் கேட்கவில்லை. தீபாவளி அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டு, "அக்கா, நான் தரேன், டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்" என்றான். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை போனோம் என்று கணக்கில்லை. ரத்தம் பொருந்தியது, மற்றதும் பொருந்தியது. அவன் பீரை விட்டான், சிகரெட்டை விட்டான். ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். செல்வி தண்ணீர் குடிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். டயாலிசிஸ் ஆட்களுக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு நாளைக்கு இரண்டு கப், அதுவும் மருந்தோடு சேர்த்து. "ஆபரேஷன் முடிஞ்சதும் ஒரு ஜக்கு நெறைய ஐஸ் தண்ணி. நிறுத்தாம. நீங்க யாரும் பக்கத்துல நின்னு 'போதும் போதும்'னு சொல்லக் கூடாது" என்றாள். பெரிய மிஸ்ஸிக்குத்தான் எங்களைவிடச் சந்தோஷம். மோகன் ஒருநாள் நிலையத்துக்கு வந்தபோது அவன் கன்னத்தைத் தட்டி, "தங்கம் டா நீ" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் போஸ்ட் ஆபீஸ் அங்கிள் ஊரிலிருந்து திரும்பி வந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், எங்கள் ஷிப்ட்தான். தமிழ்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய், போன இடத்தில் சில வாரம் அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டு வந்திருந்தார். இப்படி வெளியில் செய்துகொண்டு வருகிறவர்களை உடனே எல்லாரோடும் உட்கார வைக்கக் கூடாது. தனி மெஷின் கொடுக்க வேண்டும். அதில் வேறு யாரையும் போடக் கூடாது. ரத்தத்தில் மஞ்சள்காமாலை வைரஸ் ஏதாவது தொற்றியிருந்தால் உடனே டெஸ்டில் தெரியாது. சில மாதம் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏற்கெனவே வைரஸ் இருக்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு அறை உண்டு. அங்கிளுக்கென்று ஹாலின் ஓரத்தில் ஒரு மெஷினைத் திரை போட்டு ஒதுக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு.

பெரிய மிஸ்ஸியால் அது முடியவில்லை. ஒரு ஆளுக்காக ஒரு மெஷின் நாள் முழுக்கச் சும்மா நிற்பதா? அப்போது ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு அம்மா இடம் கேட்டு வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எந்த நிலையத்திலும் அவருக்கு இடம் இல்லை. அங்கிளின் முதல் டெஸ்ட் சுத்தமாக வந்தது. அவ்வளவுதான், டாக்டர் வராத நாட்களில் அந்த அம்மாவுக்குத் திரை போட்ட மெஷின். அங்கிளுக்கு ஹாலில் பழைய நாற்காலி. பழைய நாற்காலி என்றால் செல்விக்கு அடுத்தது. ஜெஞ்சாரோம் அம்மா பெரிய மிஸ்ஸியின் காலைத் தொட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன். அங்கிளும் ஊரிலிருந்து கொண்டு வந்த பலகாரத்தை எல்லாருக்கும் கொடுத்தார்.

அடுத்தது ஹெப்பாரின். ரத்தம் குழாய்க்குள் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் போடுகிற மருந்து. சின்னக் கண்ணாடி பாட்டிலில் வரும். ஒரு ஆளுக்குப் போட்டதும் பாட்டிலில் மீதி இருக்கும். அந்த மீதியைத் தூக்கிப் போடத்தான் வேண்டும், அதுதான் சட்டம். பெரிய மிஸ்ஸி மீதியை எல்லாம் ஊசியால் உறிஞ்சி உறிஞ்சி ஒரே பாட்டிலில் சேர்ப்பார். அடுத்த ஷிப்டுக்கு ஆகும். ஹாலில் எல்லார் முன்னாலும்தான் செய்வார். எங்களுக்கு அதுவும் பால் டின் மாதிரிதான். நான் பஸ் ஓட்டுகிறவன், அவர் மிஸ்ஸி. எனக்கு அதில் என்ன தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பல்லை உடைப்பேன்.

ஒருநாள் அங்கிளின் குழாயில் ரத்தம் கட்டத் தொடங்கி மெஷின் கத்தியது. பெரிய மிஸ்ஸி ஓடி வந்தார். அவருக்கு ஏற்கெனவே போட்ட ஊசிக்குழலையே எடுத்து, அந்தச் சேர்த்து வைத்த பாட்டிலுக்குள் விட்டு, இன்னும் கொஞ்சம் மருந்து இழுத்துப் போட்டார். கட்டு கரைந்தது. அங்கிள் பிழைத்தார். பாட்டில் மேசைக்குத் திரும்பிப் போனது. அதிலிருந்துதான் செல்விக்கும் போட்டார்கள், வரிசையில் இன்னும் சிலருக்கும் போட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன் கடைசியாக ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். "ஹெபடைட்டிஸ் சி" என்றார், ரத்தத்தில் தொற்றும் அந்த மஞ்சள்காமாலை வைரஸ். செல்விக்கு முதலில் புரியவில்லை. "ஆபரேஷன் நாள் மாறுமா டாக்டர்?" என்றுதான் கேட்டாள்.

நிலையத்தில் எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். எங்கள் ஷிப்டில் இன்னும் சிலருக்கு இருந்தது. அங்கிளுக்கும் இருந்தது. ஜனங்கள் முதலில் யாரைத் திட்டினார்கள் தெரியுமா? ரத்ததானம் செய்கிறவர்களை. செல்விக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். வேறு சிலருக்கும் ஏற்றியிருந்தார்கள். உடனே ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எவனோ குடிகாரன் ரத்தம், எவனோ ஊசி போடுகிறவன் ரத்தம், வெளிநாட்டுக்காரன் ரத்தம். எங்கள் கோயில் இளைஞர்கள் வருஷா வருஷம் மண்டபத்தில் ரத்ததான முகாம் வைப்பார்கள். அந்தப் பையன்களின் முகத்துக்கு நேராகவே ஒரு அம்மா கேட்டுவிட்டார், "உங்கள்ல யாரு டா அது?" என்று. அந்த வருஷம் மண்டபத்தில் பாதி கட்டில் காலி.

அவர்களுக்காகப் பேசியது பெரிய மிஸ்ஸிதான். ஹாலின் நடுவில் நின்றுகொண்டு, "ரத்தம் குடுக்குற புள்ளைங்கள யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. ஒவ்வொரு பையும் டெஸ்ட் பண்ணிட்டுதான் வருது. சும்மா படுத்து எழுந்திரிச்சு போறவனையா திட்டுவீங்க? அவன் ரத்தம் இல்லனா நீங்க யாரு இருப்பீங்க இங்க?" என்றார். ரத்தப் பையில் இல்லையென்றால் வேறு எங்கே என்று அப்போது அவரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தத் தானம் செய்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி சோதித்தார்கள். எல்லாரும் சுத்தம்.

பிறகு சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். ஒரு மலாய்க்கார அம்மையார் ஒவ்வொரு மேசையாகப் பார்த்து, ஹெப்பாரின் பாட்டிலைக் கையில் எடுத்து, இதை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டார். சின்ன மிஸ்ஸிகள் தரையைப் பார்த்தார்கள். பெரிய மிஸ்ஸி ஒன்றையும் மறைக்கவில்லை. மீதியைச் சேர்ப்பதையும், அங்கிளுக்கு அன்று அதே குழலால் இழுத்துப் போட்டதையும், அங்கிளை ஹாலில் உட்கார வைத்ததையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, "சாயாங் லா, புவான்" என்றார். மலாயில் அதற்கு, வீணாகப் போகிறதே அம்மா என்று அர்த்தம். அந்த அதிகாரி பாட்டிலைக் கீழே வைத்தார். "மூடியை ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டுதான் குத்துவேன்" என்றும் பெரிய மிஸ்ஸி சேர்த்துச் சொன்னார். அங்கிளின் ரத்தம் அந்தக் குழல் வழியாகப் பாட்டிலுக்குள் போயிருக்கும் என்று அந்த நேரத்தில்கூட அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷம் மிஸ்ஸியாக இருந்தவருக்கு விளங்கவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சங்கம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. நடந்ததைக் கேளுங்கள். நோயாளிகள் கொதித்துப் போனார்கள், சங்கத்தின் மேல். பெரிய மிஸ்ஸியைத் திரும்பக் கொண்டு வா என்று செயலாளரைப் போய்ப் பார்த்தார்கள். முன்னால் நின்றது போஸ்ட் ஆபீஸ் அங்கிள். செல்வியும் போனாள். வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன்.

"உனக்கு கொஞ்சமாச்சும் கோவம் வருதா இல்லியா? உன் ரத்தத்துல வெஷத்த ஏத்திட்டு போயிருக்கு அந்த பொம்பள!"

"கோவப்பட்டா போயிருமா இது?" என்றாள் செல்வி. "அவங்க வேணும்னு செய்யல. ஊசி இல்லாம கெடந்தப்ப யாரு கொண்டு வந்து போட்டா? நீங்கதானே கையப் பிடிச்சுட்டு அழுதீங்க?"

பஸ்ஸை எடுத்துக்கொண்டு போர்ட் கிள்ளான்வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன்.

செல்வியைப் பின்னறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஹாலில் நடக்கும் பேச்சும் சிரிப்பும் கதவுக்கு வெளியே கேட்கும். புதிதாக வந்த மிஸ்ஸி கையுறை மேல் கையுறை போட்டுக்கொண்டு வருவாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்திவிட்டு ஓடுவாள். வீட்டில் செல்வி தன் தட்டை, கப்பைத் தனியாக எடுத்து வைத்தாள். இது எச்சிலில் பரவாது, ரத்தத்தில் மட்டும்தான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே அவள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவேன். அவள் தட்டை இழுத்துக்கொள்வாள். சில நாள் அது விளையாட்டாக இருக்கும், சில நாள் இரண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்துவிடுவோம்.

இந்த வைரஸுக்கு இப்போது மாத்திரை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். சில மாதம் விடாமல் சாப்பிட்டாள். பிறகு டெஸ்டில் வைரஸ் இல்லை. டாக்டர் கை கொடுத்து, "இனிமேல் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம், தம்பியை அழைத்து வாருங்கள்" என்றார். காரில் வரும்போதே செல்வி மோகனுக்கு போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தான், தனியாக. கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"மாமா, எனக்கு பயமா இருக்கு" என்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆவாது டா. டாக்டர்தான் சொல்றாரே."

"அங்கயும் ஒண்ணும் ஆவாதுன்னுதானே மாமா சொன்னாங்க? ஒரு வருஷமா என் பொண்டாட்டி வீட்ல இதே பேச்சு. நான் அதுக்கெல்லாம் பயப்படல. ஆனா என்கிட்ட குடுக்கறதுக்கு இருக்கறது ஒண்ணுதான். அத அக்காவுக்கு வச்சு, மறுபடியும் எவனாவது எதையாவது ஏத்தி, அதுவும் வீணாப் போச்சுன்னா? நாளைக்கு என் புள்ளைக்கு ஒண்ணு தேவப்பட்டா நான் எங்க போவேன்?"

செல்வி அவன் தலையைத் தடவினாள். "பரவால்ல டா" என்றாள். அவன் அழுதுகொண்டே போனான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவன் மனசாரக் கொடுக்கிறேன் என்று கையை நீட்டிய நேரத்தில் வாங்கிக்கொள்ள விடாமல் செய்தது யார் என்று எனக்குத் தெரியும். என் கோபத்துக்கு ஒரே ஒரு விலாசம்தான் இருந்தது, அது பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தது.

அந்த விலாசம் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், மோகன் மாட்டேன் என்றுவிட்டதை. ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். யூனிபாரம் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சுங்குடிச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. கையில் ஒரு பை ஆப்பிள். செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே ஆப்பிளின் தோலைக் கத்தியால் சீவினார். என்னைப் பார்க்கவில்லை.

"கண்ணு, நான் ஒண்ணு யோசிச்சேன்" என்றார். "எனக்கு ரெண்டு இருக்கு. தனி ஆளு. ஒண்ணு சும்மாதானே கெடக்குது. நான் தரேன். சொந்தக்காரங்க இல்லனாலும் கமிட்டி ஒண்ணு இருக்கு, நான் போயி கேக்கறேன். பிரஷர் மாத்திரதான் சாப்பிடறேன், வேற ஒண்ணும் இல்ல."

என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வயதுக்கும், பிரஷருக்கும், ஒட்டு உறவில்லாத முறைக்கும் எந்த ஆஸ்பத்திரியும் அதை எடுக்காது. பஸ் டிரைவர் எனக்கே தெரியும். மிஸ்ஸிக்குத் தெரியாதா? நடக்காது என்று தெரிந்து சொன்னாரா, நிஜமாகவே நம்பிச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நிஜமாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி பேசினாள்.

"மிஸ்ஸி, நான் ஒண்ணு கேக்கவா?"

"கேளு கண்ணு."

"அன்னிக்கு அங்கிளுக்கு மெஷின் கத்துனப்ப, அலமாரியில புது பாட்டில் இருந்துச்சா?"

பெரிய மிஸ்ஸியின் கத்தி நின்றது.

"இருந்துச்சு."

"நெறையவா?"

"பெட்டியா இருந்துச்சு."

"ஒண்ணு ஒடச்சிருக்கலாம்ல மிஸ்ஸி?"

அதிகாரிகள் கேட்டபோது அவரிடம் பதில் இருந்தது. செயலாளர் கேட்டபோதும் இருந்தது என்று கேள்வி. இப்போது அவர் ஆப்பிளைக் கையில் திருப்பினார். வெட்டின பக்கம் பழுப்பேற ஆரம்பித்திருந்தது.

"ஒடச்சிருக்கலாம் கண்ணு" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். இதைச் சொன்னதும் திட்டுவதற்கு என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் செல்விதான் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை.

"சரி மிஸ்ஸி. நீங்க போங்க. இனிமே வராதீங்க."

அவர் ஆப்பிளைத் தட்டில் வைத்தார். கத்தியைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் தட்டின் பக்கத்தில் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். திரும்பி வந்தால் செல்வி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்த ஆப்பிளை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து செல்வி போய்விட்டாள். டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும்போதே, இதயம். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நான் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் கிள்ளானில் சாவுச் செய்தி தானாகப் போய்விடும்; பழைய நோயாளிகள் எல்லாரும் வந்தார்கள், அங்கிள் வந்தார், ஜெஞ்சாரோம் அம்மாகூட வந்தார். பெரிய மிஸ்ஸி வரவில்லை. வந்திருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டேன், சத்தியமாக விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் பெட்டியை மூடும்வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.